லைலாவுக்குக் கிடைக்காத இத்தா

திருகோணமலைத் துறைமுகத்தில் மரக்கறித் தோணி ஓட்டிய முத்தலிப்புக்கு எந்தக் கப்பலின் பெயரும் தேவைப்பட்டதில்லை. யுத்தம் தொடங்கியதும் சரக்குக் கப்பல்களுக்கெல்லாம் சாம்பல் நிறம் அடித்து, பெயர்களையும் அழித்துவிட்டார்கள். தோணிக்காரர்களா விடுவார்கள்? உருவத்தைப் பார்த்து மூக்கன், கூனன், நெட்டையன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டம் வைத்தார்கள். தூரத்தில் புகை தெரியும்போதே இது இன்னான் என்று முதலில் சொல்பவனுக்குக் கரையில் தனி மரியாதை. அந்த மரியாதையில் முத்தலிப்புக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. கொஞ்சம் என்று சொல்வது பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் நான் காட்டும் தயவு.

அவனுடைய தங்கை லைலாவின் கணவன் ஹிஸ்புல்லா, கொண்டையன் என்று பட்டம் பெற்ற கப்பலில் நெருப்பறையில் கரி தள்ளிக்கொண்டிருந்தான். அந்தக் கப்பலின் மேல்தட்டில் ஒரு சின்ன அறை சேவல் கொண்டை மாதிரித் துருத்திக்கொண்டு நிற்கும். வேறெந்தக் கப்பலுக்கும் அப்படி இல்லை என்பது கரையில் எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம்.

நாற்பத்திரண்டாம் ஆண்டு சித்திரை மாதம் பிறக்கச் சில நாள் இருக்கையில் ஜப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டான். அதற்கு முதல்நாளே கப்பல்களை வெளிக்கடலுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள், கொண்டையனும் போயிருந்தது. நாங்கள் கிண்ணியாவுக்கும் காட்டுப் பக்கத்துக்கும் ஓடி ஒளித்து, மெல்ல மெல்ல வீடு திரும்பினோம். வரும்போது ஒரு கதையும் கூடவே வந்தது. வெருகலுக்கு நேரே ஆழ்கடலில் ஒரு சரக்குக் கப்பல் மூழ்கித் தாண்டுபோனதாம். தப்பிய சிலர் மட்டக்களப்பில் கரையேறி இருக்கிறார்களாம். எந்தக் கப்பல் என்று சொல்ல ஆளில்லை.

ஹிஸ்புல்லாவின் தாய் உம்மு குல்சும் அன்றைக்கே தலையில் கை வைத்துவிட்டாள். மகன் போய்விட்டான், மருமகள் இத்தா இருக்கவேண்டும் என்றாள். கணவனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் நகை, பூ, மருதோண்டி எல்லாவற்றையும் விட்டு, வெள்ளை உடுத்து, வீட்டோடு இருக்கும் கடமை அது. பள்ளிவாசல் லெப்பை நிதானமான மனிதர்.

"சும்மா கேட்ட கதைக்கு இத்தா இல்ல. மட்டக்களப்புக்குப் போய்த் தப்பினவங்கட வாயால கேட்டு வாங்க. உறுதி எண்டா மகள் இருக்கட்டும்," என்றார்.

முத்தலிப் போகத்தான் இருந்தான். ஒரு இடத்தில் அரை நாழிகை நிற்கமாட்டாதவன். மட்டக்களப்பு என்ன, கொழும்புக்கே நடந்திருப்பான். ஆனால் புறப்படவிருந்த அன்று காலையில் கடற்கரையிலிருந்து ஓடிவந்தான். சாரம் முழங்காலுக்கு மேலே, வாயெல்லாம் பல்லு.

"கொண்டையன் வந்திட்டான்! என்ட கண்ணால கண்டனான். மச்சான் உசிரோட, ஹயாத்தோட இருக்கார்!"

"எட்ட நிண்டு கப்பலைக் கண்டா போதுமோ, மகன்? அவனைக் கண்டயோ?" என்று உம்மு குல்சும் கேட்டாள்.

"கிட்டப் போக நேவிக்காரன் விடமாட்டான், மாமி. கப்பல் மிதக்குதுதானே? கப்பல் மிதந்தா கரி தள்ளுறவர் எங்க போவார்? இனி மட்டக்களப்புக்குப் போய் என்ன செய்ய?"

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நானும் கேட்டேன், நானும் நம்பினேன். நல்ல செய்தியை யார்தான் உரசிப் பார்ப்பார்கள்? கப்பல் மறுநாள் விடியுமுன் போய்விட்டது. ஹிஸ்புல்லா கரைக்கு வரவில்லை. யுத்த காலத்தில் இறங்க விடமாட்டார்கள் என்று முத்தலிப்பே காரணமும் சொன்னான்.

ஆடியில் கிண்ணியாவில் அவர்களுடைய சொந்தக்காரப் பெண் ஸல்ஹாவுக்குக் கலியாணம். லைலா போக மனமில்லாமல் நின்றாள். முத்தலிப் விடவில்லை.

"நீ போகாட்டி ஊர் உன்னை விதவை எண்டு முடிவு கட்டிப்போடும். நல்லா உடுத்துக்கொண்டு போ," என்று பிடித்த பிடியில் நின்றான்.

பச்சைப் பட்டு உடுத்து, கை நிறைய வளையல் போட்டுப் போனாள். திரும்பி வந்து என் மனைவி தங்கரத்தினத்திடம் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். மருதோண்டி நன்றாகச் சிவந்திருந்தது. "இவ்வளவு சிவந்தா அவருக்கு என்னில நல்ல இரக்கமாம், அவ்வளவு பாசமாம், அக்கா," என்று வெட்கப்பட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எங்களுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு மாதங்கள் போயின. ஒரு தகவலும் இல்லை. முத்தலிப்புக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டின் நடுவில் எழுந்து கடலைப் பார்க்கப் போவான். கப்பல் ஏஜென்டின் கந்தோரில் கேட்டால், யுத்த ரகசியம் என்று கதவைச் சாத்தினார்கள். இறங்குதுறையில் நின்று, கொண்டையன் எப்போது வரும் என்று போவார் வருவாரையெல்லாம் விசாரித்ததில் பொலிஸ் பிடித்துக்கொண்டுபோய் உள்ளே வைத்தது. கப்பல் விசாரிப்பவன் ஜப்பானுக்கு உளவு சொல்பவனாம். முத்தலிப் உளவாளி! அவன் வாயில் ஒரு கதை ஒரு மணி நேரம் தங்காது என்று நான்தான் போய்ச் சொல்லிக் கூட்டிவந்தேன். வந்தவன் வீட்டுக்குப் போகாமல் நேரே கடற்கரைக்குப் போனான்.

அடுத்த மாசியில் கொண்டையன் மறுபடி வந்தது. இந்தமுறை கப்பல்களுக்கு மரக்கறி ஏற்ற அவனிடம் பாஸ் இருந்தது. பூசணிக்காய்ச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு கயிற்று ஏணியில் ஏறினான். கப்பலின் சமையல்காரர் நாகப்பட்டினத்து மரைக்காயர் ஒருவர்.

"ஹிஸ்புல்லா எங்க? நெருப்பறையில நிக்கிறவர். என்ட மச்சான்."

"அப்படி யாரும் இந்தக் கப்பல்ல இல்லையே, தம்பி."

"இல்லாம எப்படி? இந்தக் கப்பல்லதான் போனவர். இந்தக் கொண்டையை எனக்குத் தெரியாதோ?"

மரைக்காயர் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார். "நீங்க தேடுறது இதோட ஜோடிக் கப்பலை. ஒரே பட்டறையில ஒரே மாதிரி ரெண்டு கட்டினாங்க. அது உங்க ஊர்ல குண்டு விழுந்த அன்னிக்கே முங்கிப் போச்சு. என் மச்சினன் அதுலதான் இருந்தான். தப்பிச்சு மட்டக்களப்புல கரையேறினான். நெருப்பறையில நின்ன ஒருத்தரும் மேல வரலையாம். திருகோணமலைக்காரரு ஹிஸ்புல்லான்னு ஒருத்தர், சொந்த ஊருக்கு இவ்வளவு கிட்டத்துல போயிட்டாரேன்னு சொல்லிச் சொல்லி அழுதான்."

முத்தலிப்பின் தோணி கரைக்கு வந்தது, அவன் இறங்கவில்லை. திரும்பத் தள்ளிக்கொண்டு போனான். மறுபடி வந்தான். கடைசியில் இறங்கி, நடந்ததை என்னிடம்தான் முதலில் சொன்னான்.

"நீங்க வந்து லைலாவிட்ட சொல்லுங்க, அண்ணன். எனக்கு ஏலாது."

எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல! "கப்பலைக் கண்டது நீ. நீயே போய்ச் சொல்லு," என்றேன். ஆனாலும் தனியே விட மனமில்லாமல் பின்னால் போனேன்.

அவன் சொன்னதும் உம்மு குல்சும் குழறி அழுதாள். லைலா அழவில்லை. லெப்பையைக் கூட்டிவரச் சொன்னாள். அவர் வந்து வாசலில் கதிரையில் இருந்தார். லைலா திரைக்கு உள்ளே நின்று கேட்டாள்.

"நான் இண்டைக்கே இத்தா தொடங்கவோ?"

லெப்பை விரல் விட்டு மாதங்களை எண்ணினார். "மகள், இத்தா உசிர் போய் மவுத்தான நாளிலயிருந்து கணக்கு. நாம அறிஞ்ச நாளிலயிருந்து இல்ல. உங்கட இத்தா ஆவணியிலயே முடிஞ்சு போச்சு. இனி இருக்க வேண்டியதில்ல."

"ஆவணியிலயோ? ஆடியில நான் பட்டு உடுத்தனான். கலியாண வீட்டுல மருதோண்டி போட்டுச் சிரிச்சுக்கொண்டு இருந்தனான். அதுதானோ அவருக்கு நான் இருந்த இத்தா?"

"அறியாமச் செஞ்சது, மகள். அல்லாஹ் குற்றம் பிடிக்கமாட்டான்."

"அல்லாஹ் மன்னிப்பான், லெப்பை. அவருக்கெண்டு இருக்க எனக்கு ஒரு நாளும் மிச்சமில்லையோ?"

திரைக்குள்ளிருந்து லைலா மறுபடி பேசினாள், இந்தமுறை தமையனிடம்.

"நீங்க மட்டக்களப்புக்குப் போயிருக்கலாம், காக்கா."

உம்மு குல்சும் அழுதுகொண்டே எழுந்து உள்ளே போனாள். மருமகளின் கையிலிருந்த வளையல்களை அவள் ஒவ்வொன்றாகக் கழற்றும் சத்தம் வாசல்வரை கேட்டது. தேவையில்லை என்று லெப்பை சொல்லவில்லை.