கட்டு போடறதப் பத்தித்தான்

என் கணவர் என்னிடம் சொன்ன பொய்யில் மொத்தமே நாலு சொற்கள்தான். "கட்டு போடறதப் பத்தித்தான் சொன்னாரு." பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரி கேன்டீனில், காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார். ஒன்றரை வருஷம் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு ஓசூரில். நான் இங்கே கார்களுக்கு உதிரிப்பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் கடைசி மேசையில் உட்கார்ந்து பீஸ்களைச் சோதிப்பவள். அவர் இருபது வருஷமாகத் தினமும் அத்திப்பள்ளி தாண்டிக் கர்நாடகப் பக்கம் வேலைக்குப் போகிறவர். கன்னடம் அவருக்குத் தாய்மொழி மாதிரி. எனக்கோ சந்தைக் கன்னடம். காய் வாங்குவேன், பேரம் பேசுவேன், ஆட்டோக்காரரோடு சண்டை போடுவேன், அவ்வளவுதான். ஆனால் அதை வெளியே ஒப்புக்கொள்ள மாட்டேன். இத்தனை வருஷம் ஓசூரில் குப்பை கொட்டிவிட்டுக் கன்னடம் வராது என்று சொல்ல வெட்கம்.

அந்த வெட்கம்தான் என்னைக் கவிழ்த்தது. பெரிய டாக்டர் எங்களைப் பார்த்து, "கன்னட பருத்தா?" என்று கேட்டார். கன்னடம் வருமா என்று கேட்கிறார். இவர் வரும் என்றார். நானும் பலமாகத் தலையாட்டினேன். அதற்கப்புறம் டாக்டர் பேசியது முழுக்கக் கன்னடத்தில், இவரைப் பார்த்து.

இடது மார்பை முழுசாக எடுக்க வேண்டும் என்பது புரிந்தது. அது எந்த மொழியில் சொன்னாலும் புரியும். அதன்பின் காது அடைத்துக்கொண்டது. நடுவில் ஒரே ஒரு வாக்கியம் மட்டும் உள்ளே வந்தது. "மத்தெ கட்டபஹுது." மத்தெ என்றால் மறுபடி, எனக்குத் தெரியும். கட்டு என்பதற்கு யாரிடம் போய் அர்த்தம் கேட்பது? புண்ணுக்கு மறுபடி மறுபடி கட்டுக் கட்டலாம் என்கிறார் போல என்று எடுத்துக்கொண்டேன். கடைசியில் டாக்டர், யோசித்துச் சொல்லுங்கள் என்று சொல்லி எழுந்தார்.

கேன்டீனில் கேட்டேன். "கட்டுன்னு என்னமோ சொன்னாரே, என்னாங்க அது?"

அவர் காபியை இந்த டம்ளரிலிருந்து அந்த டம்ளருக்கு ஊற்றினார். "கட்டு போடறதப் பத்தித்தான் சொன்னாரு."

"அதுக்கு என்னா யோசிக்கறது?"

"எந்தக் கட்டு நல்லதுன்னு."

நான் சிரித்தேன். அந்த நிலைமையிலும் சிரித்தேன். கட்டுத் துணியில்கூடவா இத்தனை தினுசு என்று கேட்டேன். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை மட்டும் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் என் அக்கா நாகரசம்பட்டியிலிருந்து வந்து ஒரு மாதம் கூடவே இருந்தாள். உடம்பு துடைத்துவிட்டாள், தலை வாரிவிட்டாள், தினமும் காலையில் பழைய கட்டைப் பிரித்துப் புதுக் கட்டுப் போட்டாள். முதல் தடவை கண்ணாடியில் பார்த்தபோது நான் அழுத அழுகைக்கு அவளும் சேர்ந்து அழுதாள். "விட்றி, உசுரு இருக்குதில்ல" என்றாள். அப்புறம் மருந்து ஏற்றினார்கள். முடி போயிற்று. கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள். அந்தப் பக்கத்துத் தோல் கறுத்து, இறுகி, தொட்டால் என் தோல் மாதிரியே இல்லை.

வேலைக்குத் திரும்பியபோது பருத்தித் துணியில் ஒரு பை தைத்து, கேழ்வரகை நிரப்பி, உள்ளே வைத்துக்கொண்டேன். பஞ்சு வைத்தால் கனமே இல்லாமல் மேலே ஏறி வந்துவிடுகிறது. கேழ்வரகு சொன்ன பேச்சுக் கேட்டு இருந்த இடத்தில் இருக்கும். ஒருநாள் சோம்பேறித்தனமாகத் தானியத்தைக் கொட்டாமலே பையை அலசிக் குளியலறையில் தொங்கவிட்டேன். ரெண்டு நாள் கழித்துப் பார்த்தால் துணி வழியே வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கிறது. முளைகட்டிய தானியம் உடம்புக்கு நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சிரித்தேன். சிரித்து முடித்ததும் அங்கேயே குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்குத்தான் அவரிடம் கேட்டேன். "இதுக்கு ஒண்ணுமே பண்ண முடியாதாங்க?"

அவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நம்மள மாதிரி ஆளுங்களுக்கு அதெல்லாம் இல்ல" என்றார்.

நானும் சரி என்று விட்டுவிட்டேன். யாருக்கோ இருக்கிறது, நமக்கு இல்லை. இப்படி எத்தனையோ விஷயங்களை விட்டிருக்கிறோம், அதில் இதுவும் ஒன்று என்று நினைத்தேன்.

போன வைகாசி மாதம் பரிசோதனைக்குப் போனபோது பெரிய டாக்டர் இல்லை. புதிதாக ஒரு பெண் டாக்டர் இருந்தார். மதுரைப் பக்கத்துத் தமிழ். என் கணவர் மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தார். டாக்டர் ஃபைலைப் புரட்டினார். வடுவைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

"ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் வேண்டாம்னு அப்ப சொல்லிட்டீங்களேம்மா. இப்பவாவது யோசிச்சீங்களா?"

"என்னா வேணாம்னு சொன்னேன்?"

"மார்பை மறுபடி கட்டுறது. எடுக்கிறப்பவே அதே ஆபரேஷன்ல செஞ்சிடலாம்னு உங்ககிட்ட சொல்லியிருக்காங்க. பேஷன்ட் நாட் வில்லிங்னு இங்க எழுதியிருக்கு."

கட்டுறது. மத்தெ கட்டபஹுது. நாமும்தான் வீடு கட்டுகிறோம், சுவர் கட்டுகிறோம், கோயில் கட்டுகிறோம். எங்கள் தெருவில் எப்போதும் ஏதாவது ஒன்றை யாராவது கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அன்று எனக்கு மட்டும் ஏன் துணி ஞாபகம் வந்தது? கன்னடத்திலும் அதே சொல், தமிழிலும் அதே சொல். முழுசாகப் புரியாத மொழியாக இருந்திருந்தால் யாரையாவது கேட்டிருப்பேன். பாதி புரிந்ததுதான் வினை.

என் புத்தி அப்படிப் போனது என் தப்பு. ஆனால் நான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று என் கணவருக்குத் தெரிந்திருந்தது. அதைத் திருத்தாமல், அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

கம்பெனியில் என் மேசைக்கு வரும் ஒவ்வொரு பீஸுக்கும் நான்தான் சீட்டுக் கட்டுகிறேன். நல்லதுக்குப் பச்சை, திருத்தி எடுக்கலாம் என்றால் மஞ்சள், தேறாது என்றால் சிவப்பு. என் கையெழுத்து இல்லாமல் ஒரு பீஸ் அந்த மேசையைத் தாண்டாது. மேனேஜரே வந்து நின்றாலும் தாண்டாது. என் உடம்புக்குச் சிவப்புச் சீட்டை வேறு ஒருவர் கட்டி, அதில் என் பெயரையும் எழுதியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தியதும் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. சமையலறை வாசலில் நின்று, செருப்பைக்கூடக் கழற்றாமல் பேசினார்.

"ஒரே நேரத்துல ரெண்டு வேல, ஏழெட்டு மணி நேரம் ஆவும்னாரு. எனக்கு பயமா இருந்துச்சி. நீ பொழச்சி வந்தா போதும்னு நெனச்சேன். தப்பா?"

"பயந்தது தப்பில்ல. என்கிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"அந்த நெலமையில உன்னப் போயி எப்புடி கேக்கறது?"

"என்னக் கேக்காம, நான் வேணாம்னு சொன்னதா எப்புடி சொன்னீங்க?"

குனிந்து செருப்பைக் கழற்றினார். தன் பக்கம் ஆள் சேர்க்கிறவர் மாதிரி சொன்னார். "நானா எதுவும் முடிவு பண்ணல. உங்க அக்காகிட்ட கேட்டுட்டுத்தான் சொன்னேன்."

அதுவரைக்கும் எனக்குக் கோபம்தான் இருந்தது. அதைக் கேட்டதும் அக்காவின் கை ஞாபகம் வந்தது. ஒரு மாதம் என் கட்டைப் பிரித்துக் கட்டிய கை. ஒவ்வொரு காலையும் அந்த வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டு, எல்லாம் தெரிந்துகொண்டு, என்னோடு சேர்ந்து அழுதிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை நாகரசம்பட்டிக்குப் போனேன். அக்கா தோப்பிலிருந்து வந்த மாங்காய்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"தம்பி போன் பண்ணி கேட்டாரு" என்றாள். என் கணவரை அவள் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். "உசுரு இருந்தா போதும், அதெல்லாம் என்னாத்துக்குன்னு நாந்தான் சொன்னேன். அவரத் திட்டாத."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்லக்கா?"

"கேட்டா நீ வேணும்னு சொல்லியிருப்ப."

சொல்லிவிட்டு அடுத்த மாங்காயை எடுத்துப் பார்த்தாள். அவள் என்ன சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. நான் என்ன சொல்வேன் என்று தெரியாமல் அவர்கள் என்னைக் கேட்காமல் விடவில்லை. தெரிந்ததால்தான் விட்டிருக்கிறார்கள். என்னை அந்த அளவுக்கு அறிந்தவர்கள் உலகத்தில் ரெண்டே பேர், அந்த ரெண்டு பேருமே.

சாப்பிடாமல் கிளம்பினேன். வழக்கம்போல ஒரு பை மாம்பழத்தைக் கையில் திணித்தாள். வாங்கிக்கொண்டேன். பழத்தின்மேல் எனக்கு என்ன கோபம்.

அந்தப் பெண் டாக்டர் ஒரு மாதம் அவகாசம் கொடுத்திருந்தார். இப்போதும் கட்டலாம், ஆனால் முன்போல லேசில்லை என்று சொல்லியிருந்தார். கரண்ட் வைத்த தோல் இழுத்தால் வராது. வயிற்றிலிருந்து தோலும் சதையும் எடுத்து மேலே வைக்க வேண்டும். வயிற்றிலும் நீளமாக ஒரு தழும்பு வரும். மாதக்கணக்கில் கனம் தூக்கக்கூடாது. பிறகு ஒருமுறை சரிசெய்ய வேண்டியும் வரலாம். ஒரு படம் வரைந்து, எல்லாவற்றையும் தமிழில் பொறுமையாக விளக்கினார். இந்த அரை மணி நேரத்தை அன்றைக்கு யாராவது எனக்குக் கொடுத்திருக்கலாம்.

அந்த ஒரு மாதம் நான் பட்ட பாடு, ஆபரேஷனுக்கு முன்னால்கூடப் படவில்லை. வேண்டும் என்று நினைத்தால், அவரைப் பழிவாங்கத்தான் நினைக்கிறாயா என்று மனம் கேட்கும். வேண்டாம் என்று நினைத்தால், அப்படியானால் அன்று அவர்கள் சொன்னது சரிதானே என்று கேட்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவரும் அக்காவும் எனக்கு முன்னாலேயே அங்கே வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரே ஒரு தடவையாவது அந்த ரெண்டு பேரையும் வெளியே அனுப்பிவிட்டு, நான் மட்டும் தனியாக யோசிக்க ஆசைப்பட்டேன்.

ஒரு காலை, அவர் வேலைக்குப் போனபின், பீரோக் கண்ணாடிமுன் ரவிக்கையைக் கழற்றிவிட்டு நின்றேன். வெகுநேரம் நின்றேன். வடுவைப் பார்த்தேன். வயிற்றைப் பார்த்தேன். ரெண்டு பிள்ளை பெற்ற வயிறு, அதன்மேல் இன்னும் ஒரு கத்தி வேண்டுமா என்று கேட்டுக்கொண்டேன். வேண்டாம் என்று வந்தது. கோபமில்லாமல் வந்தது. எனக்கு வேண்டியிருந்தது அன்றைக்கு, மயக்கத்திலிருந்து கண் விழிக்கும்போது, நெஞ்சில் ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டும் என்பது. அதை இனி எந்த டாக்டராலும் கட்டித் தர முடியாது. அது போனது போனதுதான்.

குறித்த நாளில் அவரும் கூட வந்தார். டாக்டர் அறை வாசலில், "நீங்க வெளிய இருங்க" என்றேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. ஃபைலை என்னிடம் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

டாக்டரிடம் வேண்டாம் என்றேன். நிதானமாக யோசித்தீர்களா என்று கேட்டார். யோசித்தேன் என்றேன்.

"ஆனா அந்தப் பழைய வரியை அடிச்சிடுங்க டாக்டர்."

"பழசை அடிக்க முடியாதும்மா. கீழே வேணா புதுசா எழுதலாம்."

நான் சொல்லச் சொல்ல எழுதினார். முன்பு நோயாளியிடம் கேட்கப்படவில்லை. இன்று நோயாளியே கேட்டு, புரிந்துகொண்டு, வேண்டாம் என்கிறார். இங்கிலீஷில்தான் எழுதினார், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். என் கையெழுத்துத் தேவையில்லை என்றார். பரவாயில்லை என்று வாங்கி, எழுதியதன் கீழே கையெழுத்தைப் போட்டேன்.

வெளியே வந்ததும் அவர் எழுந்தார். "என்னா சொன்னாங்க? நீ என்னா சொன்ன?"

அந்த முகத்தில் என்ன காத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் வேண்டாம் என்று சொன்னேன் என்றால் போதும், ஒரு பெருமூச்சு வரும். அதத்தான நானும் அன்னைக்கே சொன்னேன் என்பார். அதற்கப்புறம் ஆயுசுக்கும் நிம்மதியாக இருப்பார். என்னுடைய வேண்டாமை எடுத்துத் தன்னுடையதோடு ஒட்டிக்கொள்வார். அதை மட்டும் என்னால் கொடுக்க முடியவில்லை.

"கட்டு போடறதப் பத்தித்தான் சொன்னாங்க" என்றேன்.

அவர் என் கையிலிருந்த ஃபைலைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். அதன்பிறகு கேட்கவில்லை, கேட்கும் தைரியம் அவருக்கு வரவில்லை. நானும் இன்றுவரை சொல்லவில்லை.

ஆபரேஷன் எந்தத் தேதியில் வருமோ என்று அவர் தன் கம்பெனியில் ஒரு நாள்கூட லீவு போடாமல் சேர்த்துவைத்துக்கொண்டிருக்கிறாராம். அவரோடு வேலை செய்கிறவரின் மனைவி கடையில் பார்த்தபோது சொன்னாள். சேர்த்துவைக்கட்டும்.