மர்சூக்கின் வியாழக்கிழமை நோன்பு

பின்னேரம் அஸர் பாங்கு சொல்லி ஓய்ந்த நேரத்தில் றாஹிலாவின் தம்பி ஜுனைட் தொலைபேசியில் வந்தான். அவள் அப்போது நோன்பு திறப்பதற்கான கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். அம்பாறையில் மீன் இறக்கிவிட்டு லொறியில் திரும்பிய அவள் கணவர் மர்சூக்கை மாவடிப்பள்ளியில் பொலிஸ் மறித்திருக்கிறது. வாயில் சாராய மணம் அடிக்கிறது, குழாயில் ஊது என்றிருக்கிறார்கள். அவர் ஊத மறுத்துவிட்டார். நான் நோன்பு என்று சொன்னாராம். இப்போது வைத்தியரிடம் கொண்டுபோகிறார்கள்.

"ராத்தா, மச்சானுக்கு நோன்பு திறக்க பேரீச்சம்பழம் கொண்டு போகவா, அவிச்ச கடலை கொண்டு போகவா?" என்றான் ஜுனைட்.

குடிகாரர் கொறிப்பதைச் சொல்லிக் கேலி செய்தவனை றாஹிலா திட்டிவிட்டுத் தொலைபேசியை வைத்தாள். தன் கணவன் நோன்பாளி என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. விடியுமுன் சஹருக்கு எழுப்பிச் சோறு போட்டவளே அவள்தானே.

மர்சூக் சத்தமில்லாத மனிதர். ஊர் வழக்கப்படி மனைவி வீட்டுக்கு வாழ வந்தவர். பிள்ளைகள் தோளுக்கு மேல் வளர்ந்த பிறகும், விருந்தாளியைப்போல், தான் குடித்த தேநீர்க் கோப்பையைத் தானே கழுவி வைப்பார். ஒலுவில் துறைமுகத்தில் மீன் ஏற்றி அம்பாறைக் கடைகளுக்குக் கொடுப்பதுதான் தொழில். வியாழக்கிழமைகளில் நோன்பு பிடிப்பார்.

அவர் பிணையில் வந்ததும் றாஹிலா சட்டத்தரணி தேடத் தொடங்கினாள். ஊரில் சட்டத்தரணிகளுக்குக் குறைவில்லை. ஆனால் ஒருவர் அவர்களுடைய பள்ளிவாசல் நிருவாகசபையில் இருந்தார். இன்னொருவர் அவள் வாப்பாவின் சொந்தக்காரர். எவரிடம் போய் "குடித்த கேஸ்" என்று வாய் திறப்பது? கடைசியில் நீதிமன்றத்துக்கு அருகே பெயர்ப்பலகை வைத்திருந்த சுலோஜனா என்ற சட்டத்தரணியிடம் போனார்கள். தெரு ஆட்டோக்காரர்களுக்குத் தெரியக்கூடாது என்று பக்கத்து ஊரான நற்பிட்டிமுனையிலிருந்து ஆட்டோ பிடித்தாள்.

சுலோஜனா பொலிஸ் அறிக்கையைப் படித்துக்கொண்டிருக்கும்போதே றாஹிலா பேசத் தொடங்கிவிட்டாள். அவர் ஒவ்வொரு வியாழனும் நோன்பு, நான்தான் சஹருக்கு எழுப்பினேன், கோட்டுக் கூண்டில் ஏறிச் சொல்லவும் தயார் என்றாள். வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

ஊத மறுத்தால் குடித்தவர் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும், வைத்தியரும் மணம் இருந்ததாக எழுதியிருக்கிறார் என்று சுலோஜனா விளக்கினார். ஆனாலும் மனைவி சாட்சி சொன்னால் வழக்கை எதிர்த்து நடத்திப் பார்க்கலாம். பிறகு பேனையை வைத்துவிட்டு மர்சூக்கைப் பார்த்தார்.

"நான் ஒங்கட பக்கம் கதைக்கிற ஆள். எனக்கிட்ட மறைச்சா, அவங்க கேக்கிற இடத்தில நான் முழிக்கோணும். அண்டைக்கு நீங்க நோன்பா?"

மர்சூக் தன் விரல்களைப் பார்த்தபடி இருந்தார். எவ்வளவு கழுவியும் மீன் வாடை போகாத விரல்கள்.

"அவ கூண்டில ஏற வேணா மேடம். சஹர் வரைக்கும் அவ சொல்றது சரி. பகலுக்கு அம்பாறையில கூட்டாளிமாரோட குடிச்சி நோன்ப முறிச்சிட்டன். பொலிஸ் கேட்டதும் வாயில அதுதான் வந்திச்சி."

றாஹிலா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவர் குடித்ததைவிட, நோன்பைக் கேடயமாகப் பிடித்ததும், அந்தக் கேடயத்தைத் தானும் சேர்ந்து தூக்கி நின்றதும்தான் அவளைச் சுட்டது.

குற்றத்தை ஒப்புக்கொள்வோம், தண்டனையைக் குறைக்கும்படி கேட்கிறேன் என்றார் சுலோஜனா. அப்படியே நடந்தது. வழக்குப் பெயரைக் கூப்பிட்டபோது ஊர்க்காரர்கள் இரண்டு பேர் பின் வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். மர்சூக் தலை குனிந்து "ஓம்" என்றார். தண்டப்பணம் கட்டினார்கள், சாரதி அனுமதிப்பத்திரத்தைச் சில மாதங்களுக்கு நிறுத்தி வைத்தார்கள்.

அதன்பிறகு ஜுனைட் லொறியோட்ட, மர்சூக் பக்கத்தில் இருந்து போனார். ஜுனைட் கேலி பேசுவதை விட்டுவிட்டான். வியாழக்கிழமைகளில் மர்சூக் தானே எழுந்து, விளக்குப் போடாமல், தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போவார். நோன்பா என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மாலையில் கஞ்சி வைத்தாள். அவர் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்தார்.

தடைக்காலம் முடிந்ததும், நீதிமன்றக் காரியாலயத்திலிருந்து அனுமதிப்பத்திரத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லி சுலோஜனா அழைத்தார். அங்கே வேலை பார்ப்பவர் நம் பள்ளிவாசல்காரர், அடுத்த கிழமை போவோம் என்று மர்சூக் தள்ளிப்போட்டார். அந்தக் கிழமைதான் ஒலுவிலில் ஐஸ் பெட்டி தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார், பிறகு எழவில்லை. ஜனாஸாவுக்கு ஊர் திரண்டது. எல்லோரும் அவர் நல்ல மனிதர் என்றார்கள். அப்படிச் சொன்ன ஒவ்வொரு முகத்திலும் றாஹிலா நீதிமன்றத்தைத் தேடினாள். அப்படித் தேடியதற்காகவும் வெட்கப்பட்டாள்.

இப்போது அவள், கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கவேண்டிய இத்தாவில் இருக்கிறாள். வெளியே போக முடியாது. ஜுனைட் போவதாகச் சொல்லியிருக்கிறான். மர்சூக்கின் அனுமதிப்பத்திரம் இன்னும் நீதிமன்றக் காரியாலயத்தில்தான் இருக்கிறது.