கட் சொல்லும்வரை அசையாதவர்

எங்கள் ஸ்டண்ட் குழுவில் என் அக்கா புருஷனுக்குப் பூனை என்றுதான் பெயர். எவ்வளவு உயரத்திலிருந்து தள்ளிவிட்டாலும் எழுந்து மீசையைத் தடவிக்கொள்வார். பாதி ஆயுசைப் படங்களில் விழுந்தே கழித்த மனிதர். ஒன்றிலும் முகம் தெரிந்ததில்லை.

கடைசியாக விழுந்தது ஒரு காமெடிப் படத்தில். செல்போன் கடைக்காரன் ஒருவன் ராஜா காலத்துக்குப் போய் மாட்டிக்கொள்ளும் கதை. மாமாவுக்கு முகத்தை மூடிய தலைக்கவசத்தோடு கோட்டைக் காவலன் வேஷம். கதாநாயகனின் போன் அடித்ததும் மிரண்டு மதிலிலிருந்து விழ வேண்டும். கீழே அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தோம். கால் வழுக்கியதில், பெட்டிகளைத் தாண்டிக் கல்தரையில் விழுந்தார்.

எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. 'கட்' சொல்லும்வரை பிணம் அசையக்கூடாது. அவர் அசையாமல் கிடந்ததைப் பார்த்து, "தொழில்காரன்னா இவர்தான்யா" என்று நாங்களே மெச்சிக்கொண்டோம். கதாநாயகன் சும்மா இருந்தானா? மாமாவின் முதுகில் ஏறி உட்கார்ந்து, "இங்கயாவது சிக்னல் கிடைக்குதா பாப்போம்" என்று சொந்தமாக ஒரு வசனத்தை எடுத்துவிட்டான். எல்லோரும் சிரித்தோம். கட் சொன்ன பிறகும் மாமா எழவில்லை.

கழுத்துக்குக் கீழே இனி எதுவும் அசையாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அவர் மகளிடம் அப்பா மாடிப்படியில் விழுந்ததாகச் சொல்லிவைத்தோம்.

அக்கா இயக்குநரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அந்த ஷாட்ட மட்டும் எடுத்துடுங்க சார். எம்பொண்ணு கண்ணுல அது படக்கூடாது."

"விமர்சனம் வரட்டும்மா. படம் சரியா போகலன்னா எப்படியும் நீளத்தக் குறைப்போம். முதல்ல அதத்தான் தூக்குவேன்."

அன்றிலிருந்து அந்தப் படம் மண்ணைக் கவ்வ வேண்டும் என்று அக்கா வேண்டாத தெய்வமில்லை.

விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். 'காலம் தாண்டிப் போனது கதாநாயகன், தண்டனை நமக்கு' என்றது ஒரு பத்திரிகை. நான் வாசிக்க வாசிக்க அக்கா முகம் மலர்ந்தது. ஆனால் கடைசி வரிக்கு வந்தபோது என் குரல் இறங்கிவிட்டது. 'மதிலிலிருந்து விழும் காவலன்தான் படத்தில் உயிருள்ள ஒரே காமெடி. பிணமாகக் கிடப்பதிலும் என்ன நடிப்பு!' மற்ற விமர்சனங்களும் அதே பாட்டுத்தான். பாவிகளா, உயிருள்ள காமெடியாம்!

படத்தை வெட்டினார்கள். அந்த ஷாட்டைத் தவிர எல்லாவற்றையும் வெட்டினார்கள். அதையே விளம்பரமாகவும் விட்டார்கள். இயக்குநர் எங்கள் போனை எடுக்கவே இல்லை.

நேற்று மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அக்காவின் போனை எடுத்துக்கொண்டு அப்பாவின் கட்டிலில் ஏறினாள். "அப்பா, எங்க கிளாஸ்ல எல்லாரும் இதத்தான் பாக்குறாங்க. செம காமெடிப்பா!"

போனைப் பிடுங்க அக்கா ஓடி வந்தாள். மாமா வேண்டாமென்று கண்ணைக் காட்டினார்.

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அந்தாளு எந்திரிக்கவே மாட்டேங்கிறான் பாருங்கப்பா!"

மாமாவும் சிரித்தார். "கட் சொல்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டான்டா கண்ணு."

"இன்னொரு தடவ போடட்டுமா?"

"போடுடா."

அவர் கண்ணோரம் வழிந்ததை அவளே துடைத்துவிட்டாள். "அம்மா, இங்க வந்து பாரேன். சிரிச்சு சிரிச்சு அப்பாவுக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு!"