அண்ணாவின் ரைஃபிளுக்கு அளந்த தோட்டா

கிரான்பர்னில் நான் வேலை பார்க்கும் டிரெய்லர் பட்டறையின் முதலாளி, முப்பது வருஷத்துக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவர் பேச்சுக்காகவே இன்னும் பத்து வருஷம் அங்கே வேலை பார்க்கலாம். அளவுக்கு மீறி முறுக்கிய நட்டைப் பார்த்தால், கோவத்தில பூட்டினது என்பார். சரியாக முறுக்காததை, வெக்கத்தில பூட்டினது என்பார். இந்த மாதிரிச் சொற்களை உடனே போனில் குறித்து வைப்பது என் பழக்கம்.

பேச்சு ஒரு பக்கம் இருக்கட்டும். அவரால் எனக்கு ஆக வேண்டிய காரியமும் ஒன்று இருந்தது. என் விசா முடிய நாலே மாதம். இந்த நாட்டில் நிரந்தரமாக இருக்க வேண்டுமென்றால் அவர் எனக்கு ஸ்பான்சர் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். வியாழக்கிழமை போடுவதாகச் சொல்லியிருந்தார். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் இது நடந்தது.

அண்ணாவுக்கு மான் வேட்டையில் பித்து. தோட்டாவைக் கடையில் வாங்க மாட்டார். சுட்டு முடிந்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, கராஜில் உட்கார்ந்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, குண்டைச் செருகித் தானே செய்வார். அவர் பேசிப் பேசியே நானும் லைசென்ஸ் எடுத்து ஒரு ரைஃபிள் வாங்கிவிட்டேன். அதை முதன்முதலாகச் சுடப்போகும் நாள் அன்று. துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு அழைத்துப் போக வந்தவர் ஒரு டப்பாவை என் மடியில் வைத்தார். இருபது தோட்டாக்கள். மேலே ஒரு துண்டு டேப்பில் என் பெயர்.

“உமக்கெண்டு என்ர கையால செய்தனான். கடைச் சாமான் வேண்டாம்” என்றார்.

வாங்கிக்கொண்டேன். பெயர் எழுதி ஒட்டிக் கொடுப்பதை எப்படி வேண்டாம் என்பது?

ஆனால் எனக்குத் தெரியும். நூலகத்தில் எடுத்த புத்தகத்திலும், பார்த்த வீடியோக்களிலும், எடுத்த எடுப்பிலேயே சொல்வது இதைத்தான். ஒரு ரைஃபிளுக்கென்று செய்த தோட்டா அந்த ரைஃபிளுக்கு மட்டுமே. குழல்மேல் ஒரே அளவு எண் பொறித்திருந்தாலும் உள்ளளவு ஒன்றாக இருக்காது. இன்னொன்றுக்கு வேண்டுமானால் அதன் உள்ளளவைப் பார்த்து, மருந்தைக் குறைத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தம் எகிறி, முகத்துக்கு நேராகவே வெடிக்கலாம். இதைச் சொல்ல, காரில் போன ஒரு மணி நேரத்தில் மூன்று முறை வாயைத் திறந்தேன். மூன்று முறையும் மழையைப் பற்றிப் பேசினேன். வியாழக்கிழமை என் தொண்டையில் உட்கார்ந்திருந்தது.

ரேஞ்சில் என் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு தோட்டாவை வைத்து, அதைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் போல்ட்டை முன்னே தள்ளினேன். தள்ளியபின் அதன் கைப்பிடியைக் கீழே மடக்கினால்தான் பூட்டும். பாதியில் நின்றது.

“கொஞ்சம் அமத்தும், போகும்” என்றார் அண்ணா, என் தோளுக்குப் பின்னாலிருந்து.

அமுக்கினேன். இன்னும் கால் பங்கு இறங்கி அப்படியே இறுகிக்கொண்டது. இப்போது கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை. அந்த நேரம் பார்த்துச் சுடுவதை நிறுத்தச் சொல்லி ரேஞ்ச் ஆபீசர் குரல் கொடுத்தார். எல்லாரும் போல்ட்டைத் திறந்து வைத்துவிட்டு மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் போக வேண்டும். எல்லாரும் போனார்கள். நான் மட்டும் எழ முடியாது. உள்ளே வெடிக்கக் காத்திருக்கும் தோட்டா. குழல் மண்மேட்டைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். வலது கையைப் போல்ட்டிலிருந்து எடுக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கவில்லை.

கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணா தாழ்ந்த குரலில் சொன்னார், தமிழில், எனக்கு மட்டும்: “தம்பி, பலமா அமத்திச் சுட்டுவிடும். ஒரு வெடியோட சரி.”

ரேஞ்ச் ஆபீசர் வெள்ளைத் தலைமுடிக்கார அம்மாள். பக்கத்தில் வந்து குனிந்து, சாவதானமாகக் கேட்டார். கடைத் தோட்டாவா, கையால் செய்ததா? கையால் செய்தது என்றேன். இந்த ரைஃபிளில் அளந்து பார்த்துச் செய்ததா? பத்துப் பன்னிரண்டு பேர் கோட்டுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் அண்ணா.

“இல்லை. வேறொருவருடைய ரைஃபிளுக்கு அளந்தது. நான் சுடமாட்டேன்” என்றேன். வெட்கத்தில் பூட்டிய நட்டு மாதிரிதான் வந்தது குரல். ஆனாலும் வந்துவிட்டது.

அந்த அம்மாள் என்னை எழச் சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்தார். சின்ன மரச் சுத்தியலால் கைப்பிடியைக் கீழிருந்து மேலாகத் தட்டினார். நாலாவது தட்டில் போல்ட் திறந்தது. பித்தளைக் கூடு மட்டும் வெளியே வந்தது. குண்டு குழலிலேயே சிக்கிக்கொண்டது. வெடிமருந்து பொலபொலவென்று உள்ளே கொட்டியது. அதையெல்லாம் துடைத்துவிட்டு, குழல் வாய் வழியாகக் கம்பியை விட்டுக் குண்டைப் பின்னுக்குத் தள்ளி எடுத்தார். அதைச் சுற்றிக் குழலின் உள்வரிகள் கடித்த தடம்; இந்தக் குழலுக்கு அது நீளம். யாருடைய தோட்டா என்று அவர் கேட்கவேயில்லை. நேராக அண்ணாவின் உள்ளங்கையில் வைத்தார்.

அண்ணா அதை வெகுநேரம் உருட்டிப் பார்த்தார். “என்ர துவக்கில இது முட்டாது” என்றார், தன் ரைஃபிளை நினைத்து, ஆங்கிலம் மறந்து. அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்கவில்லை.

திரும்பும்போதும் அதே கார், அதே ஒரு மணி நேரம். டப்பா எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. என் தெருமுனை வந்தபோதுதான் கேட்டார்: “உமக்கு முதலே தெரியும், என்ன?”

“தெரியும் அண்ணா.”

டப்பாவை அவரே எடுத்துக்கொண்டார். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் பட்டறையில் ஒரு சொல்லும் குறித்துக்கொள்ளக் கிடைக்கவில்லை. வேலை விஷயம் மட்டும் பேசினார். நான் மனதுக்குள் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் அறைக்குள் கூப்பிட்டார். எனக்கு நாற்காலியைக் காட்டிவிட்டு, தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டார். அடுக்கி என் பக்கம் தள்ளினார். பேனாவைச் சட்டைப்பையில் குத்திக்கொண்ட பிறகுதான் பேசினார்.

“சரி, கையெழுத்து வைச்சாச்சு. இனி உண்மையைச் சொல்லும். வாற ஞாயிறு என்னோட வாறீரோ, இல்லையோ?”

“வர்றேன் அண்ணா” என்றேன். “கடைத் தோட்டாவோட.”