பெரட்டில் சொன்ன வார்த்தை

செபமாலை சொல்லிக்கொண்டேதான் சிசிலி கொழுந்து பறிப்பாள். பக்கத்தில் யாராவது முற்றிய இலையைக் கிள்ளினால் செபம் அங்கேயே நின்றுவிடும். "ஏய், மாட்டுக்கா புல்லு அறுக்கிற?" என்று ஒரு சத்தம் போடுவாள். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடருவாள்.

டிக்கோயாவுக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தொரு வருடமாக வேலை. மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையாவிடம் முகத்துக்கு நேரே பேச அங்கே அவள் ஒருத்திதான் உண்டு. அடைமழையில் மலை ஏறச் சொன்னால், "நீங்க முன்னாடி ஏறுங்க, நாங்க பின்னாடி வாறோம்" என்பாள். அது நியாயமான திமிர். நியாயமில்லாத இன்னொன்றும் இருந்தது. கோயிலில் முதல் வரிசையில்தான் உட்காருவாள். பிரசங்கத்தில் பெருமை என்ற பாவம் வந்துவிட்டால், ஃபாதர் யாருக்காகச் சொல்கிறார் என்று திரும்பிப் பின்வரிசைகளை ஒரு நோட்டம் விடுவாள். அது தனக்காக இருக்கும் என்று கனவிலும் நினைத்தவள் இல்லை.

எல்லாம் ஒரு பனிமூட்டத்தில் வந்த வினை. மத்தியானம் கொழுந்தை எடைபோட்டுவிட்டுத் திரும்பியபோது பக்கத்துச் செடிகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. தனக்குப் பிரித்துக்கொடுத்த செடிவரிசை, தன்னுடைய நிரை என்று ஒன்றுக்குள் நுழைந்தாள். கொழுந்தெல்லாம் ஏற்கெனவே பறித்திருந்தது. அடுத்த நிரை கிருஷாந்தியுடையது. பொகவந்தலாவையிலிருந்து கலியாணம் முடித்து வந்து நாலு மாதம் ஆகாத பெண். மறுநாள் காலை, வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டில் எல்லோரும் கூடி நின்றபோது, சிசிலி அவளை நோக்கிக் கையை நீட்டினாள்.

"அடுத்தவ நெரயில திருடித்தான் ஒனக்குக் கூடை நெறயுதோ?"

அன்றிலிருந்து தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் கிருஷாந்தி பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

சனிக்கிழமை நல்ல வெயில். மிச்சத்தை முடிக்க அதே மலைக்குப் போனார்கள். சிசிலியின் நிரை யாரும் தொடாமல் தளதளவென்று நின்றது. பனியில் அவள்தான் கிருஷாந்தியின் நிரைக்குள் போயிருக்கிறாள். அக்கம்பக்கம் பார்த்தாள். யாரும் கவனிக்கவில்லை. மளமளவென்று பறித்துக் கூடைக்குள் போட்டுவிட்டாள். அன்று முழுக்க செபம் வாயில் வரவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தாள். அவர் செபம் சொல்லச் சொன்னார். அந்தப் பெண்ணையும் போய்ப் பார் என்றார். செபத்தை உடனே முடித்துவிட்டாள். கடவுளிடம் மன்னிப்புக் கேட்டு அவளுக்குப் பழக்கம் உண்டு, மனுஷியிடம் கேட்டுப் பழக்கமில்லை. வீட்டுக்கு வந்து புருஷன் றொனால்டிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அவ இருக்கிற காம்பராவுக்குப் போயி மெதுவா சொல்லிட்டு வா," என்றான் அவன். "பெரட்டுல சொன்னா நாளைக்கு ஒன்னய எவ மதிப்பா? கண்டாக்கு சிரிப்பாரு."

"சிரிக்கட்டும். திட்டுனது எல்லாரு முன்னாடியும். மன்னிப்பு மட்டும் கதவ சாத்திக்கிட்டு கேக்கவா? அது என்னால முடியாது."

திங்கட்கிழமை பெரட்டில், பெயர் கூப்பிடுமுன்பே அவள் முன்னால் வந்து நின்றாள். குரலை நடுங்க விடவில்லை.

"கிருஷாந்தி திருடல. பனியில நாந்தான் அவ நெரைக்குள்ள போயிட்டேன். தெரிஞ்ச பொறகும் ரெண்டு நாளு மறைச்சு வச்சேன். நீ என்னய மன்னிக்கணும், தாயி."

கிருஷாந்தி நிமிர்ந்து பார்த்தாள். கண்டாக்கையாவுக்கு இது பிடிக்கவில்லை. தன் பெரட்டில் தன்னைக் கேட்காமல் ஒரு கொழுந்துக்காரி பேசுவதாவது?

"சரி சரி, போதும். அவ மன்னிச்சிட்டா. எல்லாரும் மலைக்குப் போங்க," என்றார்.

சிசிலி அவர் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு கையை மட்டும் உயர்த்தி அவரை நிறுத்திவிட்டு, பதில் அவள் வாயிலிருந்தே வரட்டும் என்று கிருஷாந்தியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.