கப்பு இங்கே, சாசர் அங்கே

வேலை கிடைத்து ஊரைவிட்டு வந்த எனக்கு மாடி அறையை வாடகைக்குத் தந்தவர் திரைச்சீலை தைக்கும் அக்கா. கீழே முன்னறைதான் அவருடைய கடை. எங்கள் குடும்பத்தில் கல்லூரியை எட்டிப் பார்த்த முதல் ஆள் நான் என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்லித்தான் அறை கேட்டேன். அன்று முதல் எனக்குப் பெயர் பட்டதாரி.

முதல் நாள் சாப்பாடு போட்ட தட்டைப் பார்த்தே பயந்துவிட்டேன். நீலப் பூப்போட்ட பழைய இங்கிலீஷ் பீங்கான். எங்கள் வீட்டில் கீழே போட்டால் சத்தம் வருமே தவிர எதுவும் உடையாது.

"உடைஞ்சுட்டா என்னக்கா பண்றது?"

"உடைஞ்சா பெருக்கித் தள்ளணும். அலமாரியில வச்சுப் பூட்டிட்டு வெறிச்சுப் பாக்கவா வாங்கினேன்? சாப்பிடு பட்டதாரி."

பெரிய வீடுகளைக் காலி செய்யும்போது வெளியே வரும் பாத்திரங்கள் ஞாயிறு காலை பழைய சாமான் சந்தைக்கு வரும். அக்கா ஒவ்வொன்றையும் நகத்தால் சுண்டிப் பார்ப்பார். கணீரென்றால் கையில் எடுப்பார். டொக்கென்றால் உள்ளே விரிசல், கீழே வைத்துவிடுவார். எது எதற்குச் செய்ததோ அது அதற்குத்தான் என்பது அவர் சட்டம். வெண்ணெய்ப் பாத்திரத்தில் வெண்ணெய்தான் இருக்கும். பால் குடுவையில் ஒருநாள் நான் பேனாவைப் போட்டு வைத்ததற்கு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சந்தையில் அவருக்கு ஒரு கூட்டாளி உண்டு. பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கும் டீச்சர். விளிம்பில் பச்சை இலைக்கொடியும் மெல்லிய தங்கக் கோடும் ஓடும் ஒரு டீ செட்டை இருவரும் ஒரே நேரத்தில் கையில் பிடித்து, இருவருமே விடாமல், கடைசியில் பாதிப் பாதி பணம் போட்டு வாங்கியிருக்கிறார்கள். கப்புகள் அக்கா வீட்டில், சாசர்கள் டீச்சர் வீட்டில். ஒழுங்காக டீ குடிக்க வேண்டுமென்றால் ஒருத்தி வீட்டுக்கு இன்னொருத்தி வந்தாக வேண்டும். எனக்குத் தெரிந்து புருஷன் பெண்டாட்டிகூட இப்படி ஒரு கட்டு போட்டுக்கொண்டதில்லை.

ஒவ்வொரு ஞாயிறு மாலையும் டீச்சர் கூடையோடு வருவார். சாசர்கள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க, மீந்த திரைத்துணியில் அக்கா தனித்தனிப் பை தைத்துக் கொடுத்திருந்தார். கப்புகளில் ஒன்றில் மட்டும், இடது கையால் தூக்கினால் உதடு படும் பக்கத்தில் தங்கக் கோடு தேய்ந்திருந்தது. டீச்சர் இடது கைக்காரர். அந்தக் கப்பை வேறு யாருக்கும் அக்கா கொடுக்க மாட்டார்.

"உனக்கு முன்னாடியே ஒருத்தி குடிச்சுத் தேச்சு வச்சிட்டுப் போயிருக்கா பாருடி" என்பார்.

"மிச்சத்தை நான் தேச்சு முடிக்கிறேன், ஊத்து" என்பார் டீச்சர்.

ஒரு ஞாயிறு காலை சந்தைக்காரர் அக்காவைக் கண்ணால் கூப்பிட்டார். சாக்குக்கு அடியில் அதே இலைக்கொடி, அதே தங்கக் கோடு. கப்பும் சாசருமாக முழு செட்டு. அக்கா சுண்டிப் பார்த்தார். எல்லாம் கணீர். சிறிது நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

"வேண்டாங்க. இது வந்துட்டா அவ எதுக்கு என் வீட்டுக்கு வரணும், நான் எதுக்கு அவ வீட்டுக்குப் போகணும்?"

அன்று மாலையே இதை டீச்சரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தார். "உனக்காக முழு செட்டையே வேண்டாம்னுட்டேன், தெரியுமா?" டீச்சர் சிரித்துக்கொண்டே, "பைத்தியம்" என்றார்.

அடுத்த ஞாயிறு டீச்சருக்கு முழங்கால் வலி. அதற்கடுத்தது விடைத்தாள் கட்டு. பிறகு விருந்தாளிகள். "பாவம், தனியா அல்லாடுறா" என்று அக்கா ஒரு மாலை கப்புகளைத் துணியில் சுற்றி, கூடையை என் கையில் கொடுத்தார். சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றோம்.

டீச்சர் வீட்டுக் கூடத்தில் உடன் வேலை பார்ப்பவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் கையிலும் இலைக்கொடிக் கப்பு, அடியில் சாசர். டீச்சர் இடது கையால் கப்பைத் தூக்கியபடியே எங்களைப் பார்த்தார். அவர் கப்பில் தங்கக் கோடு எங்கும் தேயவில்லை.

அக்கா என்னிடமிருந்து கூடையை வாங்கிக்கொண்டார். உள்ளே கப்புகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டது.

டீச்சர் எழுந்து எங்களை அடுக்களைக்குள் கூட்டிப்போனார்.

"நீதான் வேண்டாம்னுட்டியே. வேற எவளோ கொண்டுபோறதுக்கு நான் வாங்கினா என்ன?"

"முழங்கால் வலின்னியே."

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல. வீட்டுக்கு நாலு பேர் வந்தா ஒரு டீ குடுக்க உன்கிட்ட கப்பு கேட்டு நிக்கணுமா? நீயே சொல்லு."

அக்கா மெல்லத் தலையசைத்தார். அதைச் சமாதானம் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது டீச்சர். அவர் முகம் தெளிந்தது. அலமாரியைத் திறந்து, அக்கா தைத்த பைகளோடு பழைய சாசர்களை எடுத்து நீட்டினார்.

"இந்தா, இதையும் நீயே வச்சுக்கோ. காசெல்லாம் வேண்டாம். உனக்கும் செட்டு முழுசாயிடும்ல?"

அவர் அதை நல்ல மனதோடுதான் சொன்னார். அக்கா வாங்கிக்கொண்டார். வீட்டு வாசலுக்கு வந்ததும், "அந்த செட்டு சந்தையில இருக்குன்னு நானே வாயைத் திறந்து சொல்லிக் குடுத்திருக்கேன் பாரு பட்டதாரி" என்றார்.

அடுத்த ஞாயிறு எனக்கு டீ வந்தது. தங்கக் கோடு தேய்ந்த கப்பு. சாசர் இல்லை.

மழைக்காலம் முடிந்த பிறகு டீச்சர் கடைக்கு வந்தார். கையில் புதுத் திரைத்துணி. அன்று விடுமுறை என்பதால் நானும் அங்கே இருந்தேன்.

"வாங்க மேடம், உக்காருங்க" என்றார் அக்கா.

டீச்சர் உட்காரவில்லை. அவர் கண் தையல் மேசை மீது இருந்தது. ஒரு சாசரில் குண்டூசி, ஒன்றில் பட்டன், ஒன்றில் துணியில் கோடு போடும் சாக்கட்டி. இன்னொன்றில் கத்தரித்த நூல் துணுக்குகள்.

"இதுல போய்க் குண்டூசியா? எது எதுக்குச் செஞ்சதோ அது அதுக்குத்தான்னு நீதானே சொல்லுவ?"

அக்கா துணியை விரித்து, அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்தார்.

"வாரம் முழுக்க சாசர் இல்லாமலே குடிச்சுப் பழகினவ மேடம் நான். நீளம் எவ்வளவு வைக்கட்டும்?"