டிக்கியில் இருக்கும் கொடிக்கம்பு

என் கார் டிக்கியில் ஒரு கம்பு கிடக்கிறது. முழங்கை நீளத்தைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். ஒரு முனை ரம்பத்தால் அறுத்தது, மறுமுனை கிரீஸ் ஏறிக் கறுத்தது. நவி மும்பை நெருளில் எங்கள் கட்டடத்தில் கார் துடைக்க வருகிறவன், "அங்கிள், நாய் விரட்டவா?" என்று இந்தியில் கேட்டான். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். அது என் அக்கா செம்பூர் வீட்டில் உயரக் கொடியில் மடித்துணி உலர்த்திய கம்பு என்றும், அதில் பாதியை அறுத்து ஆல்டர்னேட்டருக்கு முட்டுக் கொடுத்தவர் என் அத்திம்பேர் என்றும் அவனிடம் விளக்க ஆரம்பித்தால் அன்றைக்கு யார் காரும் துடைபடாது.

அக்காவுக்கும் அத்திம்பேருக்கும் குழந்தை இல்லை. எனக்குக் கல்யாணமே நடக்கவில்லை. மாதுங்காவில் அப்பா விட்டுப்போன ஒற்றை அறையில் நான், செம்பூரில் அவர்கள் இரண்டு பேர். உலகத்தில் எங்களுக்கு உறவு என்று இருந்தது இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா போன் செய்வாள், "எங்கேடா தொலைஞ்சே, ரசம் ஆறிண்டிருக்கு" என்பாள், நான் ரயிலேறிப் போவேன். அத்திம்பேரும் நானும் ஆளுக்கொரு பேப்பர் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பேசுகிற வேலையெல்லாம் அக்காவுடையது. அத்தனை வருஷத்தில் நாங்கள் இருவரும் நேருக்கு நேர் பேசியதைச் சேர்த்து வைத்தால் ஒரு டம்ளர் காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

அந்த அக்கா திடீரென்று போய்விட்டாள். முதல் வருஷம் பெரிதாகத் தெரியவில்லை. மாதாமாதம் மாசிகம் வந்தது. வாத்தியார் வருவார், சமையல் மாமி வருவாள், நானும் போவேன். இலையில் உட்கார்ந்து அத்திம்பேர் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டு வருவேன். வருஷாப்திகம் முடிந்தது. வாத்தியார் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நானும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டேன். "அப்போ வரேன் அத்திம்பேர்" என்றேன். "ம்" என்றார். இனி எதைச் சொல்லிக்கொண்டு இங்கே வருவது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் குடும்பத்து ஆண்களின் லட்சணம் அது. சும்மா ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்விட மாட்டோம். கல்யாணம், கருமாதி, கரெண்ட் பில் என்று ஒரு காரியம் வேண்டும். "உன்னைப் பார்க்கணும் போலிருந்தது" என்று சொல்வதற்குள் எங்களுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டுவிடும். பெண்கள்தான் எங்களைச் சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போக இடமில்லை. காலையில் மார்க்கெட் பக்கம் போய்ப் பூக்கடைகளை வேடிக்கை பார்ப்பேன். ஓட்டலில் காப்பி குடிப்பேன். பத்து மணிக்கே பகல் முழுவதும் தீர்ந்துபோன மாதிரி இருக்கும். போன் அசையாமல் கிடக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அது அடித்தது.

"டேய், கார்ல சிவப்பு லைட் எரியறது. பாட்டரி படம் போட்டிருக்குமே, அது. பாட்டரிக்குச் சார்ஜ் ஏத்தற ஆல்டர்னேட்டர் போயிடுத்துங்கறான் மெக்கானிக். புதுசு நானே மாட்டப் போறேன். ஆனா இதுக்கு ரெண்டு ஆள் வேணும்டா. ஒத்தை ஆளால ஆகாது."

அவருக்கு ஸ்க்ரூ டிரைவர் எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியுமே தவிர அதற்கு மேல் தெரியாது. ஆயுசு முழுக்க இன்ஷூரன்ஸ் ஆபீஸில் பேனா பிடித்தவர். எனக்கு அதுவும் தெரியாது. இருந்தாலும், "மெக்கானிக்கே பண்ணட்டுமே" என்று சொல்லும் அளவுக்கு நான் மடையன் இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

கட்டடத்துக் கீழே, தண்ணீர் டாங்கி ஓரத்தில் பானெட்டைத் திறந்து வைத்திருந்தார். பழைய சின்னக் கார். குர்லாவில் யாரோ ரிப்பேர் செய்து விற்ற ஆல்டர்னேட்டர் ஒரு தினசரித் தாளில் சுற்றி, பிறந்த குழந்தை மாதிரி ஸ்டெப்பினி மேல் படுத்திருந்தது. மெக்கானிக் சொல்லிக்கொடுத்ததைப் பரீட்சைக்குப் படித்த மாதிரி ஒப்பித்தார். "முதல்ல பாட்டரி மைனஸைக் கழட்டணும். இல்லேன்னா நெருப்புப் பொறி பறக்கும்." கழற்றினோம். பெல்ட்டைத் தளர்த்தினோம். பின்னால் இருந்த ஒயர்களை எந்தெந்த இடம் என்று பார்த்துவைத்துக்கொண்டு பிடுங்கினோம். போல்ட் அசையாதபோது அத்திம்பேர் பஞ்சகச்சம் கட்டியவர் மாதிரி வேட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு தொங்கினார். பழையது வெளியே வந்தது. புதியது உள்ளே போனது. கடைசியில் பெல்ட்டை இறுக்குகிற இடத்தில்தான் முழித்தோம். ஆல்டர்னேட்டரை எஞ்சினிலிருந்து தள்ளிப் பிடித்தால் பெல்ட் விறைக்கும், அப்படியே பிடித்துக்கொண்டிருக்கும்போது மேல் போல்ட்டை முடுக்க வேண்டும். இரும்புக் கம்பி வைத்து நெம்பினால் அதன் உடம்பு விரிசல் விட்டுவிடும் என்று மெக்கானிக் பயமுறுத்தியிருந்தான்.

அத்திம்பேர் மாடிக்குப் போனார். அக்காவின் கொடிக்கம்போடும் ஒரு ரம்பத்தோடும் வந்தார். அது யாரும் தொடக்கூடாத கம்பு. சின்ன வயதில் நான் தொட்டுவிட்டால் அக்கா மறுபடியும் குளிக்கப் போவாள். அதைப் படியில் வைத்துக் காலால் மிதித்துக்கொண்டு பாதியாக அறுத்தார். எனக்குப் பகீரென்றது. "என்ன பார்க்கறே? துணி உலர்த்த இனிமே யாரு இருக்கா?" என்றார். அக்கா போன பிறகு அவளைப் பற்றி அவர் சொன்ன முதல் வாக்கியம் அது.

நான் கம்பைப் போட்டு நெம்பிப் பிடித்தேன், அவர் முடுக்கினார். கட்டை விரலால் பெல்ட்டை அழுத்திப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். சத்தமே இல்லை. மறுபடியும் திருப்பினார். லைட்கூட எரியவில்லை. அவர் முகம் சுருங்கிப்போனது. "இதுகூட என்னால ஆகலையேடா" என்றார். அது காரைப் பற்றியது மட்டுமில்லை என்று எனக்குப் புரிந்தது. அவர் முகத்தைப் பார்க்காமல் எஞ்சினைக் குனிந்து பார்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. பாட்டரி மைனஸ் ஒயர், நாங்கள் கழற்றிப் போட்ட இடத்திலேயே ஜம்மென்று கிடந்தது.

"அத்திம்பேர், மைனஸ்!" என்றேன். எட்டிப் பார்த்தார். பிறகு சிரித்தோம் பாருங்கள், மாடியில் இரண்டு ஜன்னல் திறந்தது. ஒயரை மாட்டினதும் கார் உறுமியது, சிவப்பு விளக்கு ஒரு கணம் எரிந்து அணைந்தது. மேலே போய் அரிசி உப்புமா கிளறினார். உப்பே இல்லை. இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை. சாயங்காலம் வரை பேசினோம். அக்கா இருந்தபோது பேசாததையெல்லாம் அக்காவைப் பற்றிப் பேசினோம்.

மூன்று வாரம் போயிருக்கும். மறுபடியும் போன். "பெல்ட் தளர்ந்துடுத்துடா. கீச்சுக் கீச்சுன்னு கத்தறது, லைட் எரியறது. ஒத்தை ஆளால ஆகாது, வா." போனேன். நெம்பினேன், முடுக்கினார், உப்புமா. அடுத்த மாதம் இன்னொரு தடவை. பிறகு மாதத்துக்கு இரண்டு தடவை. சில நாள் நான் கம்பை எடுக்கும்போது அவர் நகக்கண்ணில் ஏற்கெனவே கிரீஸ் இருக்கும். போல்ட்டின் முகத்தில் ஸ்பேனர் கடித்த தடம் பளபளவென்று புதிதாக இருக்கும். அந்த பெல்ட் ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தான் தளரும். எனக்கு என்ன கண் அவிந்தா போயிற்று? "என்ன போல்ட்டோ, நிக்கவே மாட்டேங்கறது அத்திம்பேர்" என்பேன். "அந்தக் காலத்துச் சரக்கு இல்லையேடா" என்பார். அத்தனை அழகான பொய்யை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

இரண்டு கிழங்கள் அடிக்கடி காருக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பதை மேல்மாடி மராத்திக்காரர் பார்த்திருக்கிறார். தங்கமான மனுஷர், அதுதான் வினையாகப் போய்விட்டது. ஒரு சனிக்கிழமை தனக்குத் தெரிந்த கார் எலெக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து, "அங்கிள், டென்ஷன் மத் லோ", கவலையே வேண்டாம், என்று அத்திம்பேரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார். வந்தவன் பழைய போல்ட்டைத் தூக்கிப் போட்டான். புது போல்ட், பல்லுவைத்த வாஷர், புது பெல்ட். இனி இது ஒருநாளும் தளராது என்று சத்தியம் செய்துவிட்டுப் போனானாம். அடுத்த நாள் அத்திம்பேர் இதைப் போனில் சொன்னபோது குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நல்லதாப் போச்சு" என்றார். "நல்லதாப் போச்சு" என்று நானும் சொன்னேன்.

அதற்குப் பிறகு போன் வரவில்லை. தளராது என்று ஊரறிய முடுக்கிவிட்டுப் போனதைத் தளர்ந்துவிட்டது என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வார்? ஞாயிறுகள் பழையபடி வந்தன. நான் போனைக் குளிக்கிற இடத்துக்குக்கூட எடுத்துப்போனேன். அழைத்துவிடலாம், ஆனால் என்னவென்று சொல்லி அழைப்பது? கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, அக்கா எப்போதோ கொடுத்தனுப்பிய எவர்சில்வர் தூக்கைத் தேடி எடுத்தேன். "தூக்கைத் திருப்பிக் கொடுக்க வந்தேன்" என்று போய் நின்றேன். அத்திம்பேர் இளைத்திருந்தார். காப்பி போட உள்ளே போனார். "கார்ல என் கண்ணாடிக் கூட்டை விட்டுட்டேன், பார்த்துட்டு வரேன்" என்று ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன். பானெட்டைத் திறந்தேன். திருடன் கெட்டான், அப்படிச் சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டேன். பல்லுவைத்த வாஷர் லேசில் விடவில்லை. டிக்கியில் கிடந்த ஸ்பேனரால் ஒரு நெம்பு நெம்பினேன். பெல்ட் தொய்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகப் போன். "டேய்! லைட் எரியறதுடா! நிஜமாவே எரியறது! நான் தொடவே இல்லடா!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் வராத இருமலை இருமினார். நான் சிரிப்பையும் அழுகையையும் சேர்த்து விழுங்கிக்கொண்டு, "நீங்க ஏன் அத்திம்பேர் தொடப்போறேள்? இதோ வரேன். ரெண்டு ஆள் வேணுமே" என்றேன். அன்றைக்கு உப்புமாவில் உப்பு சரியாக இருந்தது. அதற்குப் பிறகு அவர் போகும்வரை அந்த பெல்ட் எத்தனையோ முறை தளர்ந்தது. எதை அவர் தளர்த்தினார், எதை நான் தளர்த்தினேன் என்று நாங்கள் கேட்டுக்கொண்டதே இல்லை.

அவர் போன பிறகு கார் என்னிடம் வந்தது. மாதுங்கா அறையை விட்டு நெருளில் லிப்ட் உள்ள கட்டடமாகப் பார்த்து வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் காரை எடுத்துக்கொண்டு பக்கத்திலிருக்கும் சான்பாடா வரை போய்வருவேன். சாவியைத் திருப்பும்போது சிவப்பு விளக்கு எரியும். எஞ்சின் பிடித்ததும் அணைந்துவிடும். அணையாமல் இருக்காதா என்று ஒவ்வொரு தடவையும் பார்ப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அணையவில்லை. கீச்சென்று பெல்ட் கத்தியது. யாரும் தொடவில்லை. வயதாகித் தானாகவே தளர்ந்திருக்கிறது. கை தன்போக்கில் போனை எடுத்து அத்திம்பேர் பெயர் வரைக்கும் போய்விட்டது. அதை நான் இன்னும் அழிக்கவில்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு கேவல் வந்தது. வரட்டும் என்று விட்டேன். பக்கத்தில் யார் இருந்தார்கள், வெட்கப்பட?

கீழே இறங்கி பானெட்டைத் திறந்தேன். ஸ்பேனரை எடுத்தேன், கம்பை எடுத்தேன். துணைக்கு வாட்ச்மேனைக் கூப்பிடலாமா என்று பார்த்தேன். அவன் கேட்டில் யாருக்கோ சலாம் போட்டுக்கொண்டிருந்தான். சரி, ஆவது ஆகட்டும் என்று கம்பை ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் செருகினேன். மறுமுனையை இடுப்பால் அழுத்தினேன். பெல்ட் சுலபமாக விறைத்தது. கை இரண்டும் காலியாகவே இருந்தன. போல்ட்டை முடுக்கினேன். மூச்சு வாங்கக்கூட இல்லை. உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். விளக்கு எரிந்தது, அணைந்தது.

கம்பைத் துணியால் துடைத்து டிக்கியில் வைத்தேன். ஒத்தை ஆளால் ஆகிற வேலைதான் அது, அத்திம்பேர். முதல் நாளிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கிறது. இனி அந்த விளக்கு எரிந்தால் எனக்கு யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.